பதிலுக்கு விட்ட இடம்

நாமக்கல் பூபதி என்பவர் எழுதிய விமர்சனத்தை வினோபா திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பார்த்தான். 'கைக்காசில் எடுத்த அறிவியல் த்ரில்லர் வரிசை, தவறாமல் பாருங்கள்' என்று தலைப்பு. படத்தின் பெயர் 'எதிர் ஃப்ளாட்'. வினோபாவும் அவன் மனைவி சுடரும் சேர்ந்து எடுத்தது. பூபதி மனம்விட்டுப் பாராட்டியிருந்தார். நாயகனும் நாயகியும் ஒருமுறைகூட ஒரே ஃபிரேமில் வராததை உலகத்தரமான உத்தி என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது வினோபாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

'முதல் பாகம் பிரமாதம். இரண்டாம் பாகம் அதையும் மிஞ்சியது. மூன்றாம் பாகம்தான் கொஞ்சம் இழுவை.'

மூன்றாம் பாகம் என்று ஒன்று கிடையாது.

அதை எடுக்கத் தொடங்கிய முதல் நாளில்தான் சுடர் இறந்தாள். மைக்கின் பேட்டரி தீர்ந்துவிட்டது. நீ போ, நீ போ என்று இருவரும் கொஞ்ச நேரம் சோம்பல்பட்டார்கள். பிறகு அவள்தான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு தண்ணீர் லாரி. அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆகிறது. வினோபா இப்போது பிறர் வீட்டுக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறான். அழுகிற மணப்பெண், சிரிக்கிற மாமனார், பந்தியில் வாயைத் துடைத்துக்கொள்கிற சித்தப்பா, எல்லோரும் அவனுக்கு ஒன்றுதான். யார் அழுதாலும் எத்தனை நொடி அழுதார்கள் என்றுதான் பார்ப்பான்.

பூபதி சொன்ன உலகத்தரமும் இல்லை, உத்தியும் இல்லை. ஆள் இல்லை. படக்குழுவே இரண்டு பேர். ஒருவர் நடித்தால் மற்றவர் கேமராவைப் பிடிக்க வேண்டும். கதையை அதற்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். விற்காமல் கிடக்கும் ஓர் அடுக்ககத்தின் ஏழாம் மாடி. எதிரெதிர் ஃப்ளாட்டுகளில் இருக்கும் ஓர் ஆணும் பெண்ணும் இன்டர்காமில் பேசிக்கொள்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தால் எதிர் ஃப்ளாட் காலியாக இருக்கிறது. பேச்சு மட்டும் நிற்பதில்லை. இதுதான் படம்.

சண்டை போடுவதற்காகத்தான் வினோபா பூபதிக்குப் போன் செய்தான். அவர் கோழித்தீவனக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், வேலை போக மிச்ச நேரமெல்லாம் படம் பார்க்கிறவர் என்று அவரே சொல்லிக்கொண்டார். இல்லாத படத்துக்கு எப்படி விமர்சனம் எழுதினீர்கள் என்று வினோபா கேட்டான்.

"இல்லாத படமா? பெட்டகத்துல ரெண்டாம் பாகத்துக்குப் பக்கத்துலயே கிடக்குதுங்களே. நீங்க யாருங்க பேசறது?"

"நான்தான் வினோபா."

பூபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விளையாடாதீங்க தம்பி. அவர் தவறிட்டாருங்க. படம் ஆரம்பிக்கறப்பவே போட்டோவுக்கு மாலை போட்டுக் காட்டினாங்க. தாடி வச்சு, ஆளு நல்லாவே இருந்தாருங்க."

வினோபாவுக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்ட பூபதி விளக்கத் தொடங்கினார். தான் பார்த்தது முதல் பத்து நிமிஷம்தானாம். நெட் போய்விட்டது. திரும்பப் போட்டால் வெறும் கறுப்பு. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் பொறுமையைச் சோதித்தது உண்மை. "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசுதுங்க. அப்புறம் சும்மா நிக்குது. மறுபடி ஒரு வார்த்தை. மறுபடி சும்மா. கலைப்படமாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

வினோபா நன்றி சொல்லிவிட்டு வைத்தான். எதற்கு நன்றி என்று அவனுக்கே தெரியவில்லை.

பெட்டகம் என்பது படங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் தளம். புதுப் படக்காரர்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தார்கள். வினோபா தன் கணக்கைத் திறந்து வருஷக்கணக்காகிறது. திறந்தான். பூபதி சொன்னதுபோலவே, இரண்டாம் பாகத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு படம். ஓட விட்டான். தொடக்கம் கறுப்பு. சத்தமும் இல்லை. கறுப்பு நீண்டுகொண்டே போனது. யாரோ விளையாடுகிறார்கள் என்று மூடப்போன நேரத்தில் படம் வந்தது.

சுடர் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழாம் மாடியின் நடைக்கூடம். தலைமுடியை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கண்ணாடி போட்டு அவன் பார்த்ததே இல்லை. காதோரம் இரண்டு மூன்று நரை. எந்தப் பழைய காட்சியிலிருந்தும் எடுத்து ஒட்டியதல்ல இது. அவன் ஒட்டுக்காரன், ஒட்டு தெரியாமல் போகாது. இது மூன்று வருஷம் உயிரோடு இருந்த சுடர்.

சுவரிலிருந்த இன்டர்காமை எடுத்துக் காதில் வைத்தாள். "கேக்குதா?" என்றாள். பிறகு பேசாமல் நின்றாள்.

நின்றாள். கண் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. பிறகு, "இங்க ஒரே மழை. உங்க பக்கம்?" என்றாள். மறுபடி நின்றாள்.

மூன்றாவது முறை அவள் நின்றபோதுதான் வினோபாவுக்குப் புரிந்தது.

அவர்களிடம் இருந்தது கேமராமீதே செருகுகிற ஒரு மைக். கேமராவைப் பிடித்திருப்பவன் வாய் திறந்தால் அவன் குரல்தான் இடியாய் விழும். அதனால் சுடர் நடிக்கும்போது வினோபா தன் வசனத்தைச் சொல்ல முடியாது. அவள் தன் வரியைச் சொல்லிவிட்டு, அவன் வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் மனசுக்குள் கேட்டுக்கொண்டு நிற்பாள். பிறகு அடுத்த வரி. அவன் முறை வரும்போது அவனும் அப்படியே. கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பின்னினால் உரையாடல். இடம் விடுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 'இன்னும் கொஞ்சம் இடம் விடு, என் வரி பெருசு' என்பான். 'உன் வரியைக் குறை, எனக்குக் கால் வலிக்குது' என்பாள். விட்ட இடத்தை வைத்தே எந்த வரி என்று சொல்லிவிடுவான்.

அவள் இடம் விட்டிருந்தாள். படம் முழுக்க. நிரப்ப ஆளில்லாத இடத்தை வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அதன்பிறகு வினோபா நாற்காலியை விட்டு அசையவில்லை. அவள் கேட்கக் கேட்க, வாய் திறப்பதற்குள் இடம் முடிந்துபோனது. முப்பது நாற்பது நிமிஷம் இப்படியே போயிற்று. அப்போது அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, இன்டர்காமைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கேட்டாள்.

"வீட்டை மாத்தச் சொல்றாங்க எல்லாரும். மாத்தட்டுமா?"

படத்திலேயே நீளமான இடம் அது. அவளுக்குக் கால் வலித்திருக்கும். வினோபாவால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. இடம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தினான். முதலிலிருந்து ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே வரலாம் என்று நினைத்தான்.

பின்னால் தள்ளினால் கறுப்பு. அவன் பார்த்த இடம் எல்லாமே கறுப்பு.

ஹபீபும் வினோபாவும் பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஹபீப் இப்போது பெட்டகத்தில் வேலை பார்த்தான். சிறுசேரியில் அவர்கள் சேமிப்பு நிலையம். விஷயத்தைக் கேட்டதும் போனில் பேச மறுத்துவிட்டு, சாயங்காலமே நேரில் வந்தான். வந்தவன் வழக்கமாக வீட்டின் குப்பையைப் பார்த்துக் கேலி செய்கிறவன், அன்று செய்யவில்லை.

"எவ்வளவு பார்த்த?"

வினோபா சொன்னான்.

"அதோட நிறுத்திக்கோ மச்சான்."

படங்களைச் சேமிக்கப் பெட்டகம் போன வருஷம் புதுவகைப் படிகங்களுக்கு மாறியதாம். இடம் குறைவு, கொள்ளளவு அதிகம். கம்பெனிக்குக் கொண்டாட்டம். பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. எடுக்காத போட்டோ வந்து கிடக்கிறது, எடுத்த போட்டோ காணோம்.

"நாம படிகத்துல எழுதறது ஒரு இடத்துல மட்டும் பதியல. பக்கத்துலயும் இறங்குது," என்றான் ஹபீப். "பக்கத்துலன்னா பக்கத்து ரூம் இல்ல."

"பின்ன?"

ஹபீப் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு நீ பேட்டரி வாங்கப் போயிருந்தா, அந்தப் பக்கம்."

பிறகு வினோபா, கறுப்பு ஏன் என்று கேட்டான்.

"அங்க இருக்கறதை நகல் எடுக்க முடியாது. எடுத்துட்டுத்தான் வர முடியும். ஒரு அண்டாத் தண்ணின்னு வச்சுக்க. நீ மொண்டா அங்க குறையும்."

"மொண்ட தண்ணி?"

"கண்ணுல பட்டதோட காலி. செல்போன்லயும் பிடிச்சுப் பார்த்தோம். கறுப்பாத்தான் விழுது. ஏன்னு கேக்காத. அது தெரிஞ்சா நான் ஏன் உன்கூட உக்காந்து பேசிட்டிருக்கேன்."

விழுப்புரத்தில் ஒருவர் இருக்கிறாராம். மகன் ஆற்றோடு போனவன். திடீரென்று அவர் கணக்கில் அந்தப் பையனுடைய கல்லூரிப் படங்கள், வேலையில் சேர்ந்த படம், கல்யாணப் படம் என்று வரிசையாக வந்து விழுந்தன. மனுஷன் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் ஆல்பம் முழுவதும் காலியாகிவிட்டது. கம்பெனி இதை யாருக்கும் சொல்லவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று மன்னிப்புக் கேட்டது. வெள்ளிக்கிழமை மாலை எல்லாப் படிகங்களையும் மாற்றப்போகிறார்கள். அத்தோடு வழி அடைபடும்.

"அவகிட்ட வேற காப்பி இருக்கும்ல?" என்றான் ஹபீப். ஆறுதலுக்குச் சொன்னது.

இருக்காது என்று வினோபாவுக்குத் தெரியும். அவர்களிடம் இருந்தது இரண்டே மெமரி கார்டு. எடுத்ததைப் பெட்டகத்தில் ஏற்றுவது, கார்டைத் துடைப்பது, மறுநாள் அதிலேயே அடுத்த காட்சி. அந்தப் பக்கத்துச் சுடரும் அப்படித்தான் எடுத்திருப்பாள். ஆளில்லாமல், தானே கேமராவை நிறுத்தி, ஓடிப்போய் ஃபிரேமில் நின்று, எத்தனை மாதமோ. அதில் பாதியை அவன் ஒரு மத்தியானத்தில் குடித்துத் தீர்த்துவிட்டான்.

"நான் பார்க்கல," என்றான்.

ஹபீப் தலையசைத்தான். நல்ல முடிவு என்று சொல்லவில்லை. அவன் நல்ல நண்பன்.

மறுநாள் வினோபா தாம்பரத்துக் கல்யாணம் ஒன்றை வெட்டினான். கணினியில் ஒரு பக்கம் மணப்பெண் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மறுபக்கம் ஒரு விரல் தட்டினால் சுடர். மிச்சப் படத்தில் அவள் என்ன சட்டை போட்டிருப்பாள், சிரிப்பாளா, அந்தக் கண்ணாடியைக் கழற்றுவாளா. பசித்தவன் சோற்றுப்பானைக்குக் காவல் இருந்த கதை. மூன்று வருஷமாக ஒன்றுமே வேண்டியிராத உடம்புக்கு இப்போது ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கொடுக்கக் கூடாது.

அன்று மத்தியானம், கல்யாணத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் பரணிலிருந்து கேமராவை இறக்கினான். இன்டர்காம் அதே பெட்டியில் கிடந்தது. சமையலறைச் சுவரில் ஆணியடித்து அதை மாட்டினான். அரிசி டப்பாமேல் கேமராவை வைத்தான். ஃபிரேமில் போய் நின்று, ரிசீவரைக் காதில் வைத்தான்.

எடுப்பதற்குத் தடை இருக்கிறது. கொடுப்பதற்கு என்ன தடை?

அவள் விட்ட இடங்கள் அத்தனையும் அவனுக்கு நினைவிருந்தன. தொழில் அது. "கேக்குது," என்றான். அவள் மழையைப் பற்றிக் கேட்கும் நேரம் விட்டு நின்றான். "இங்க வெயில். கொடியில போட்ட துணி அரை மணியில காயுது," என்றான். நின்றான். முதலில் படத்து ஆணாகத்தான் பேசினான். போகப்போக யார் பேசுவது என்று தெரியாமல் போயிற்று. சில இடங்களில் குரல் உடைந்தது. வெட்டவில்லை. அவளும் வெட்டவில்லையே.

கடைசிக் கேள்விக்கு மட்டும் அன்று முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. வேண்டாம் என்று ஒருமுறை எடுத்தான். அழித்தான். உன் இஷ்டம் என்று எடுத்தான். கேட்கவே அசிங்கமாக இருந்தது. வியாழன் காலையில் பல் துலக்கும்போது வரி வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரே தடவையில் எடுத்தான்.

"மாத்திக்கோங்க. நம்பரை மட்டும் மாத்தாதீங்க."

மூன்றாம் பாகம் என்று அதே பெயரில் ஏற்றினான். ஹபீபுக்குப் போனில் சொன்னபோது, இது யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கூட உட்காரு என்று மட்டும் சொன்னான்.

வெள்ளி மதியம் சிறுசேரிக்குப் போனான். பார்வையாளர் அட்டை ஒன்றை அவன் கழுத்தில் மாட்டி, குளிர்ந்த அறை ஒன்றில் ஹபீப் உட்காரவைத்தான். திரையில் வினோபாவின் கோப்பு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் யாராவது தொட்டால் கோடு இடமிருந்து தேயும் என்றான் ஹபீப். தேயவில்லை. கான்டீன் டீ வந்தது, ஆறியது. பிரியாணி வாங்கித் தரட்டுமா என்று ஹபீப் கேட்டதற்கு, உன் கல்யாணத்துக்குச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றான் வினோபா. அப்போ பட்டினிதான் என்றான் ஹபீப். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

டீயில் ஆடை படிந்தபோது கோட்டின் நுனி கறுத்தது.

இருவரும் எழுந்துவிட்டார்கள். பிறகு அசட்டுத்தனமாக இருந்ததால் உட்கார்ந்தார்கள். கறுப்பு மெல்ல நகர்ந்தது. படம் ஓடுகிற வேகம்தான். வினோபா அதைப் பார்த்துக்கொண்டே தன் வரிகளை வாய்க்குள் சொன்னான். இதோ, கேக்குது என்கிறேன். இதோ, துணி காயுது. சிரிப்பாள் இந்த இடத்தில். அவன் மூன்று நாள் உழைத்தது கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் உடம்பில் மிச்சம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. இன்னும் எடு, இன்னும் எடு என்றிருந்தது.

கறுப்பு நின்றது.

எங்கே என்று கணக்குப் போடத் தேவையில்லை. நம்பரை மட்டும் மாத்தாதீங்க. அந்த வரி முடிந்த இடம். அதற்குப் பின்னால் அவன் கொஞ்ச நேரம் இன்டர்காமோடு சும்மா நின்றிருந்தான். அந்தப் பச்சைத் துணுக்கு அப்படியே இருந்தது.

"நெட் போயிருக்கும்," என்றான் ஹபீப்.

துணுக்கு அசையவில்லை. எழுந்து போய்விட்டாளா? பிடிக்கவில்லையா? அல்லது அந்தப் பக்கத்திலும் எவனாவது வந்து, பார்க்காதே, அவனுக்கு அழிகிறது என்று சொல்லிவிட்டானா? பைத்தியமே, அழியட்டும். அழிவது ஒன்றுதானே நீ இருக்கிறாய் என்பதற்குச் சாட்சி. வினோபா திரையை நோக்கிக் கையைக்கூட நீட்டிவிட்டான். நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்தப் பக்கத்தில் அவளுடைய கோடும் இப்படித்தான் நிற்கிறது. வீட்டை மாத்தட்டுமா என்று கேட்ட இடத்தில். இந்தப் பக்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தக் கேள்வியோடு எழுந்து போய்விட்டான். திங்கட்கிழமை போனவன், வெள்ளி வரை திரும்பவில்லை. அவள் படத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாள் அவளை இந்தத் துணுக்கின் முன்னால் உட்காரவைத்திருக்கிறான்.

"ஹபீப், அவளோடதைப் போடு."

"மச்சான், நீதானே..."

"போடுடா. மிச்சத்தையும் நான் பார்க்கிறேன்னு அவளுக்குத் தெரியணும்."

ஹபீப் கடிகாரத்தைப் பார்த்தான். படிகம் மாற்றுகிற குழு கீழே வந்துவிட்டது. முழுதும் கிடைக்குமா தெரியாது என்றான். சொல்லிக்கொண்டே பக்கத்துத் திரையில் போட்டான். அந்த நேரம் பச்சைத் துணுக்கு அசைந்தது. அழுதுவிட்டு வந்தாளோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாளோ. கடைசித் துளிவரை தேய்ந்து, இல்லாமல் போனது. வினோபா அதைப் பார்க்கவில்லை. ஹபீப்தான் சொன்னான்.

சுடர் சுவரில் சாய்ந்திருந்தாள். விட்ட இடத்தின் கடைசிச் சிறு பகுதி. அவள் நிமிர்ந்து, "சரி, வச்சிடறேன்," என்றாள்.

பிறகு வந்த படம் வேறு மாதிரி இருந்தது. கதையில் அவள் சாமான்களைக் கட்டுகிறாள், ஒவ்வொரு மாடியாக இறங்குகிறாள், ஒவ்வொரு மாடியிலும் இன்டர்காம் அடிக்கிறது. அவள் எடுக்கிறாள், பேசுகிறாள், இடம் விடுகிறாள். வினோபா இம்முறை எதையும் தவறவிடவில்லை. ஹபீப் இருக்கிறானே என்ற கூச்சமில்லாமல் சத்தமாகவே பதில் சொன்னான். "பார்த்து இறங்குங்க." "அந்தப் பெட்டி கனமா இருக்கும்." "இல்ல, தூங்கல, சும்மாதான் இருக்கேன்." ஹபீப் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் மாடியில் வினோபாவின் தொழில்கண் எதையோ பார்த்தது. ஃபிரேம் மூச்சு விட்டது. இதுவரை நிலையாக நின்ற கேமரா இப்போது அவளோடு கூடவே இறங்கியது. தானே வைத்துவிட்டு ஓடி வந்து நின்ற படமில்லை இது. யாரோ கையில் பிடித்திருக்கிறார்கள். நல்ல கை. படி இறங்கும்போதும் குலுங்கவில்லை.

தரைத்தளம். கடைசிக் காட்சி. சுடர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். வசனம் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். லென்ஸுக்குச் சற்று மேலே, ஷாட் முடிந்ததும் பிடித்திருப்பவன் முகத்தைப் பார்ப்பார்களே, அங்கே பார்த்தாள்.

"போதுமா ஹபீப்?"

"போதும்," என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்த குரல். இடி மாதிரி விழுந்தது. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவனின் குரல்.

இங்கே இருந்தவரை சுடர் ஒருநாளும் அவனை அண்ணா போடாமல் கூப்பிட்டதில்லை. ஹபீப் அண்ணா வந்திருக்காங்க. ஹபீப் அண்ணாவுக்கு டீ. இப்போது வெறும் ஹபீப். அதை வெட்ட மறந்திருக்க மாட்டாள். அவள் எதையும் மறந்து விடுகிறவள் இல்லை. தெரியட்டும் என்று விட்டிருக்கிறாள்.

ஹபீப் திரும்பியிருந்தான். முகம் வெளுத்து, கழுத்தில் அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்... அது நான் இல்ல."

வினோபாவுக்கு உள்ளே ஏதோ கிழிந்தது. கிழிந்த வழியாகச் சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு வருவதால் இருமல் மாதிரி வந்தது.

"தெரியும்டா. நீ எடுத்தா எல்லார் தலையும் வெட்டுப்பட்டிருக்கும்."

ஹபீப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கீழே கதவுகள் திறந்து மூடும் ஓசை கேட்டது. திரையில் இன்னும் படம் இருந்தது. சுடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிடித்திருப்பவன் முகத்திலிருந்து பார்வையை இறக்கினாள். அவர்கள் படத்தில் யாரும் லென்ஸைப் பார்க்கக் கூடாது, அது அவள் போட்ட சட்டம். லென்ஸையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மட்டும் விட்டாள்.

எவ்வளவு விட்டிருக்கிறாள் என்று முதல்முறையாக அவனுக்குத் தெரியவில்லை. வசனம் எதுவும் எழுதப்படாத இடம். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் சினிமாக்காரன் சொல்வதைத்தான் சொன்னான்.

"நல்லா வந்திருக்கு சுடர்."

அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், படிகத்தை மாற்றும் வரை.